புலிகேசி நகரில் எழுந்த கேள்வி

சில ஆண்டுகட்கு முன், நம் குடியிருப்பைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் கோடை விடுமுறையில் தன் பாட்டியாரைக் கேட்ட கேள்வி ஒன்று என்னை இன்னும் விட்டபாடில்லை. அவன் அப்பொழுது ஏழாம் வகுப்பு மாணாக்கன். வீட்டில் தமிழ் பேசுவான்; தமிழெழுத்துப் படிக்க வராது. பாடசாலையில் ஆங்கிலமும் கன்னடமும் பயின்றான். ஆதலின் பாட்டியார் நாள்தோறும் பகலுணவுக்குப் பின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டி வந்தார். அது கடையில் வாங்கிய புத்தகமன்று. வாரந்தோறும் பத்திரிகையில் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, அட்டை போட்டுக் கட்டிய தொகுதி. பாட்டியாரின் தாயார் கும்பகோணத்தில் சேர்த்து வைத்தது. பெட்டியின் அடியில் பட்டுப் புடவைகளோடு பெங்களூர் வந்து சேர்ந்தது. இத்தகைய தொகுதி ஒன்றேனும் இல்லாத இல்லம் முன்னாளில் நம்மவரிடையே அரிது.

சிவகாமி வாதாபிக்குச் சிறை கொண்டுபோகப்பட்ட கட்டம் நடந்துகொண்டிருந்த நாளில், பாட்டியும் பேரனும் உறவினர் வீட்டிற்குப் பேருந்தில் சென்றனர். ஃபிரேசர் டவுன் என்று முதியோர் இன்றளவும் வழங்கும் பகுதியில் கன்னடப் பெயர்ப்பலகை ஒன்றைப் பையன் படித்தான்: புலிகேசி நகர். உடனே பாட்டியின் பக்கம் திரும்பினான். “பாட்டி, சிவகாமியைப் பிடித்துக்கொண்டு போன ராஜாவின் பெயரை எதற்காகப் பேட்டைக்கு வைத்திருக்கிறார்கள்? யாருக்கும் கோபம் வரவில்லையா?”

வீடு திரும்பியதும் இக்கேள்வி தாத்தாவிடம் சென்றது. அவர் செய்தித்தாளினின்று தலையை எடுக்காமலே, “இது அவர்கள் ஊரப்பா, அவர் அவர்கள் ராஜா” என்று முடித்துவிட்டார். பையன் விடவில்லை. “அப்படியானால் நாம் யார் ஊரில் இருக்கிறோம்?” என்றான். அன்று மாலை அவ்வீட்டிற்குச் சென்றிருந்த எனக்கும் இக்கேள்வி சொல்லப்பட்டது. விடை எனக்கும் வரவில்லை. காப்பி அருந்திவிட்டு எழுந்து வந்தேன்.

சரித்திரத்திற் காணும் புலிகேசி யார் என்று முதலிற் பார்ப்போம். சாளுக்கிய மரபில் அப்பெயர் கொண்ட இரண்டாமவன் அவன். கி. பி. 610 அளவில் பட்டமெய்தி 642 வரை வாதாபியிலிருந்து ஆண்டவன். வடநாடு முழுவதையும் வென்று வந்த ஹர்ஷவர்த்தனரை நருமதைக்குத் தெற்கே வரவொட்டாது தடுத்தவன். ஐஹொளேயில் மேகுடி என்னும் சமணக் கோயிற் சுவரில் ரவிகீர்த்தி என்னும் புலவன் 634-இல் பொறித்த வடமொழிக் கல்வெட்டு அவன் வெற்றிகளை வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் நம் மகேந்திர பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கிய செய்தியும் உண்டு. அவன் நாட்டைக் கண்டு சென்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்நாட்டு மக்கள் உதவி செய்தாரை மறவாதவர், தீங்கு செய்தாரை விடாதவர் என்று வியந்து எழுதி வைத்தார். கன்னட நாட்டார் பெருமையோடு நினைவு கூரத் தக்க மன்னன் அவன் என்பதில் ஐயமில்லை.

கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய கதையில் மகேந்திரர், மாமல்லர், பரஞ்சோதி, நாவுக்கரசர், புலிகேசி ஆகியோர் சரித்திரத்தில் உள்ளவர். 642-இல் வாதாபி வீழ்ந்ததும் சரித்திரமே. சிவகாமி கற்பனை, ஆயனர் கற்பனை, புலிகேசியின் உருவத்தையே ஒத்த உடன்பிறப்பாக வரும் நாகநந்தி அடிகளும் கற்பனையே. இவற்றைப் பாட்டியாரும் அறிவார், யானும் அறிவேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்பிரிவு ஏது? அவனுக்குச் சிவகாமி, மகேந்திரரைக் காட்டிலும் உண்மையானவள். நல்ல கதையின் வல்லமை அது. அத்தகைய கதையைப் பிள்ளையின் கையிற் கொடுக்கும் பெரியவர்க்கு அதனாலேயே ஒரு பொறுப்பும் வந்து சேர்கின்றது.

இனி அடுத்த வீட்டை நோக்குவோம். நம் குடியிருப்பில் நமக்குச் சுவரொட்டி வாழும் கன்னடக் குடும்பத்துப் பிள்ளை எந்தக் கதை கேட்டு வளர்ந்தான்? 1967-இல் ராஜ்குமார் நடித்த ‘இம்மடி புலிகேசி’ என்ற படம் வெளிவந்தது. அதில் அம்மன்னன் வீர நாயகன். (நம் பக்கத்திலோ 2006-இல் அப்பெயர் ஒரு கோமாளி அரசனுக்கு வைக்கப்பட்டு, திரையரங்குகள் சிரிப்பால் அதிர்ந்தன. யானும் சிரித்தவர்களில் ஒருவன்.) 1975-இல் வந்த ‘மயூரா’ இன்னும் கருதத் தக்கது. தேவுடு நரசிம்ம சாஸ்திரியாரின் கன்னட நாவலைத் தழுவிய படம் அது. கதையின் வேர் ஷிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாவில் நிற்கும் கல்தூணில் உள்ளது. மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் வேதம் பயிலக் காஞ்சிக் கடிகைக்குச் செல்கின்றான். அங்கே பல்லவனுடைய குதிரை வீரனோடு பூசல் விளைகின்றது. அவமதிப்புப் பொறாத இளைஞன், தருப்பை பிடித்த கையால் வாளைப் பிடித்து, காட்டிற் படை திரட்டிப் பல்லவரை எதிர்த்துக் கதம்ப அரசை நிறுவுகின்றான். நான்காம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்ததாக அறிஞர் கருதும் செய்தி இது. அக்கதையில் கர்வமும் கொடுமையும் காஞ்சியில் இருக்கின்றன.

ஆகவே ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமரும் இரு பிள்ளைகளில் ஒருவனுக்குக் காஞ்சி கலைக்கோயில், மற்றவனுக்கு அது தன் முன்னோன் அவமானப்பட்ட ஊர். ஒருவனுக்கு வாதாபி சிறைக்கூடம், மற்றவனுக்கு அது தலைநகர். இதனை இருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறார்கள். ஆயினும் உள்ளே கிடக்கும் வித்து ஒருநாள் எப்படி முளைக்கும் என்பதை 1991 டிசம்பரில், காவிரித் தீர்ப்பை ஒட்டி இந்நகரில் எழுந்த கலவரத்தைக் கண்டவர் அறிவர். அந்நாட்களில் எங்கள் தெருவில் சிலர் கதவைத் தாளிட்டுக்கொண்டு உள்ளே இருந்தனர். கதவைத் தட்டிப் பாலும் காய்கறியும் கொடுத்துப் போனவரும் பக்கத்து வீட்டுக் கன்னடத்தாரே. அதனை விரிக்க இது இடமன்று.

சரித்திர நாவல் என்னும் வகை நமக்கு மேனாட்டினின்று வந்தது. ஸ்காட்லாந்து நாட்டு வால்டர் ஸ்காட் 1814-இல் ‘வேவர்லி’யை வெளியிட்டார். தமிழில் முதல் முயற்சி 1895-இல் தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’. ஆசிரியர் ஈழத்துத் திருகோணமலையைச் சேர்ந்தவர். கதையோ நாயக்கர் காலத்தது. பின்னர்க் கல்கி வந்தார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ என்று வாரப் பத்திரிகையின் வழியே தமிழ்க் குடும்பம் முழுமையையும் சரித்திரத்திற்குள் இழுத்துச் சென்றார். அகிலன், சாண்டில்யன், ஜெகசிற்பியன், விக்கிரமன் என்று வழிவந்தோர் பலர். இவற்றுள் இளைஞர்க்கென்றே எழுதப்பட்டவை மிகச் சில. பதின்மூன்று வயதுப் பெண் தன் தாயார் படித்து முடித்த பத்திரிகையைப் பறித்துப் படித்தாள், அவ்வளவே. அது போதுமென்று நாமும் இருந்துவிட்டோம்.

இங்கிலாந்தில் அவ்வாறு இருக்கவில்லை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்த அதே 1954-ஆம் ஆண்டில், ரோஸ்மேரி சட்கிளிஃப் என்னும் பெண்மணி, ‘ஒன்பதாம் படையின் கழுகு’ என்று பொருள்படும் தலைப்பில் இளைஞர்க்காக ஒரு நாவல் எழுதினார். பிரித்தானியாவை ரோமாபுரியார் ஆண்ட காலத்துக் கதை. நாயகன் மார்க்கஸ், நாட்டைப் பிடித்த ரோமர் படையைச் சேர்ந்தவன். தோழன் எஸ்கா, தோற்ற பிரித்தானியருள் அடிமையானவன். காணாமற்போன ரோமப் படையின் கழுகுக் கொடியைத் தேடி இருவரும் வடக்கே செல்கிறார்கள். அந்நூலைப் படிக்கும் ஆங்கிலச் சிறுவன் எவன் பக்கம் நிற்பது என்று தவிக்கின்றான். அவன் பிறந்த மண்ணோ எஸ்காவினுடையது. கதை சொல்லப்படுவதோ மார்க்கஸின் கண்களால். இத்தவிப்பையே அந்த அம்மையார் நாடினார் என்று எண்ணுகிறேன். இத்தகைய கதைக்கு வேண்டும் பொருள் நம் பெங்களூரில் இல்லையோ என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னைத் தக்கோலத்திற்குக் கொண்டுபோய் விட்டது.

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்க்கு அதன் தொடக்கம் மறவாது. 2022-இலும் 2023-இலும் திரையில் கண்ட நம் பிள்ளைகளும் வந்தியத்தேவனை அறிவார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அவன் குதிரைமேல் வீரநாராயண ஏரிக்கரையோடு வருகிறான். இன்று வீராணம் எனப்படும் அவ்வேரியை எடுப்பித்தவன் முதற் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் என்று கல்கி அங்கே சொல்கிறார். வடக்கே இராஷ்டிரகூடரின் படையெடுப்பை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு காத்திருந்த இளவரசன் அவன். 949-இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்திற் போர் மூண்டது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் ஒருபுறம். அவனுக்குத் துணையாக மைசூர்ப் பக்கத்துக் கங்க மன்னன் பூதுகன். இராசாதித்தன் யானைமீது இருந்தவாறே உயிர் நீத்தான். சோழர் அவனை ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று போற்றினர். லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள், அம்பு மார்பைப் பிளக்க அவன் விண்ணுலகெய்தியதைக் கூறுகின்றன. சோழநாடு அவ்வடியினின்று எழ ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. அந்த இருண்ட இடைக்காலத்தின் கடைப்பகுதியிற்றான் ‘பொன்னியின் செல்வன்’ கதை நிகழ்கின்றது.

இது நம் பக்கத்து வரலாறு. எதிர்ப்பக்கத்து வரலாறு எங்கே உள்ளது தெரியுமோ? பெங்களூர்க் கஸ்தூரிபா சாலையில், கப்பன் பூங்காவின் ஓரத்தில், சிவப்பு வண்ணம் பூசிய அரசாங்க அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கல்லில்!

இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் இருந்த கல் அது. பழங்கன்னடத்தில் எழுதப்பட்டது. தக்கோலத்தில் இராசாதித்தனைப் பூதுகன் கொன்றதை அது அறிவிக்கின்றது. அதற்குப் பரிசாகக் கிருஷ்ண மன்னன் பனவாசி முதலிய நாடுகளைப் பூதுகனுக்கு வழங்கினான். பூதுகனின் படைவீரன் மணலேரன் என்பவன் அப்போரில் மிக்க தீரம் காட்டினான். மகிழ்ந்த மன்னர், வேண்டியதைக் கேள் என்றனர். ஊர் கேட்பான், பொன் கேட்பான் என்று நாம் எண்ணுவோம். அவன் கேட்டதோ மன்னனின் வேட்டை நாயை! அந்நாயின் பெயர் காளி. காளி அவனிடம் வந்தது. பின்னொரு நாள் ஒரு குன்றிலே பெரும் காட்டுப்பன்றி ஒன்றின்மீது அதை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. மணலேரன் ஆதகூர்க் கோயிலின் முன் அந்நாய்க்குக் கல் நட்டான், நிலம் விட்டான். அந்நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பூசகர் அக்கல்லை வழிபடாமல் உண்ணலாகாது என்று விதித்தான். கல்லின் மேற்புறத்தே நாயும் பன்றியும் பொருதும் சிற்பம் இருக்கின்றது.

சோழப் பேரரசையே சாய்த்த ஒரு போரின் செய்தி, ஒரு நாயின் நினைவுக்கல்லிலே அன்றோ நமக்குக் கிடைத்திருக்கின்றது! இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைச் சொல்ல அக்கல் எழவில்லை. காளியை இழந்த துயரத்தால் எழுந்தது. போர்ச் செய்தி முன்னுரையாக வந்து சேர்ந்தது. வாலிபப் பிள்ளைகட்கு எழுதுவோன் இதைவிட நல்ல பொருளை எங்கே தேடுவான்?

இக்கல்லில் ஒரு சொல்லைப் பற்றி எழுந்த வழக்கையும் சொல்லியாக வேண்டும். இராசாதித்தனைப் பூதுகன் எவ்வாறு கொன்றான் என்று கூறும் இடத்தில் ‘பிசுகெ’ என்ற சொல் வருகின்றது. முதலிற் படித்தோர் அதனைத் தழுவுதல் என்று பொருள் கொண்டு, நட்புப் பாராட்டித் தழுவிக் குத்தினான், வஞ்சகன் என்று எழுதிவிட்டனர். பின்வந்த அறிஞர், அச்சொல் யானைமேல் உள்ள அம்பாரியைக் குறிப்பது, அம்பாரியையே போர்க்களமாக்கிப் பொருது கொன்றான் என்பதே கருத்து என்று திருத்தினர். ஒரு சொல்லின் பொருள் மாறியது, வஞ்சகன் வீரனானான். இடைக்காலத்தில் எத்தனை மேடைகளில் பூதுகன் வையப்பட்டானோ! இத்திருத்தத்தைக் கேட்டபோது எனக்கே சிறிது ஏமாற்றமாயிருந்ததை மறைப்பானேன்? நம் இளவரசன் வஞ்சத்தால் வீழ்ந்தான் என்பதிலே ஓர் ஆறுதல் இருந்தது. நேர்நின்ற போரில் தோற்றான் என்பதை ஏற்றுக்கொள்வதற்குச் சற்று வயதாக வேண்டியிருக்கின்றது.

சோழர் பக்கத்திலும் ஒரு மனிதன் இருக்கிறான். வெள்ளங்குமரன் என்னும் கேரளத்தான், இராசாதித்தனின் படைத்தலைவன், உற்ற தோழன். போர் நாளிலே தலைவனுடன் நின்று இறக்கும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. அத்துயரத்தால் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்துத் தலைவராய் வாழ்ந்தவர் அவரே என்று கல்வெட்டறிஞர் கொள்வர். ஒருபுறம் வென்று, நாயைப் பரிசாகப் பெற்று, அதையும் இழந்த வீரன். மறுபுறம் தோற்று, உயிர் பிழைத்து, அப்பிழைப்பைப் பொறாத வீரன். இவ்விருவரும் ஒரே நாளில் ஒரே களத்தின் இரு கரைகளைச் சேர்ந்தவர். பின்னாளில் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருவரும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? சரித்திரம் சொல்லவில்லை. சொல்லாத இடத்திற்றான் கதாசிரியனுக்கு வேலை.

பையனின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்: நாம் யார் ஊரில் இருக்கிறோம்?

1537-இல் கெம்பெ கௌடர் கோட்டை கட்டியதினின்று நம் பாடப் புத்தகங்கள் பெங்களூரின் கதையைத் தொடங்கும். பசித்து வந்த ஹொய்சள மன்னனுக்குக் கிழவி ஒருத்தி வேகவைத்த அவரை கொடுத்ததால் ‘பெந்தகாளூரு’ என்ற பெயர் வந்தது என்பதும் பிள்ளைகட்குச் சொல்லப்படும் கதை. ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய வீரக்கல், ‘பெங்களூர்ப் போர்’ ஒன்றில் இறந்தவனைக் கூறுகின்றது. கங்கர் காலத்துக் கன்னடக் கல் அது. இராசாதித்தன் வீழ்வதற்கும் முன்பே இவ்வூருக்கு இப்பெயர் இருந்தது.

1004-ஐ ஒட்டி இராசராசனின் படை கங்கரின் தலைநகரமாகிய தலைக்காட்டைக் கைப்பற்றியது. தலைக்காடு ‘இராசராசபுரம்’ ஆயிற்று. கோலார்ப் பகுதி ‘நிகரிலி சோழ மண்டலம்’ எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில், குவளாலத்துப் பிடாரியார்க்கு விட்ட நிவந்தங்களை இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. தக்கோலத்திற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகட்குப் பின் வந்த மறுமொழி இது என்று நம் மேடைகளில் முழங்கலாம். ஆனால் மணலேரனின் பேரன் அன்று தலைக்காட்டில் இருந்திருந்தால், அவனுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? இதனையும் நம் பிள்ளைகட்குச் சொல்ல வேண்டும். நாம் இங்கே முதன்முதல் ஆட்சியாளராய் வந்த காலத்தில், வாளோடு வந்தோம்.

1116 அளவில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரை விரட்டித் தலைக்காட்டை மீட்டான். ‘தலகாடுகொண்ட’ என்று பட்டமும் சூடினான். சோழர் ஆட்சி ஒழிந்தது. தமிழ் ஒழிந்ததோ? அங்கேதான் வியப்பு. அதற்கு நூறாண்டுகட்குப் பின்னும், கன்னட மரபினரான ஹொய்சளர் ஆட்சியிலேயே, இந்நகர்ப் பகுதியிலே தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்படுகின்றன. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலே அவ்வூர் ‘தொம்பலூர் என்னும் தேசிமாணிக்கப் பட்டணம்’ என்று தமிழிற் குறிக்கப்பட்டிருக்கின்றது. மடிவாளச் சோமேசுவரர் கோயிலின் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூரைக் குறிக்கின்றது. வென்ற அரசன் தோற்றவரின் மொழியை அழிக்கவில்லை. ஏர் உழுதவனும் வாணிகம் செய்தவனும் கோயில் விளக்கெரித்தவனும் தத்தம் மொழியில் தானத்தை எழுதிக்கொண்டார்கள். இன்று தொம்மலூர் மேம்பாலத்தில் அலுவலகத்திற்கு விரையும் நம் இளைஞர் எத்தனை பேர் ஒருநாள் வண்டியை நிறுத்தி அக்கோயிலுட் சென்றிருப்பார்கள்?

இக்கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். 1837-இல் இதே பெங்களூரிற் பிறந்த ஆங்கிலேயர். பெங்களூர் மாவட்டத்திற்கும் கோலார் மாவட்டத்திற்கும் உரிய அவருடைய தொகுதிகள் 1905-இல் வெளிவந்தன. கன்னடக் கல்லைக் கன்னடத்திலும் தமிழ்க் கல்லைத் தமிழிலும் வேறுபாடின்றி அச்சிட்டு வைத்தார். அவர் கண்ட கற்களிற் பல பின்னர் வீட்டுமனைகளுக்கு அடியிலே போய்விட்டன. அண்மை ஆண்டுகளில் மிதிக் சொசைட்டியார் எஞ்சியவற்றைத் தேடிப் புதுக் கருவிகளாற் படம்பிடித்து வருவது நல்ல செய்தி.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறாமல் இருக்க இயலவில்லை. மாமல்லர் வாதாபியை வென்று ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், சாளுக்கியரில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். முன்னோர் பழியைத் தீர்க்க வந்தவன் நகரைச் சூறையாடியிருப்பான் என்று எவரும் எதிர்பார்ப்பர். அவனோ கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனை அக்கோயிலுக்கே திருப்பி அளித்தான். இதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயிலின் தூணொன்றில் உள்ளது. அவன் தேவி லோகமகாதேவி, வெற்றியின் நினைவாகப் பட்டதகல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயில், காஞ்சிக் கைலாசநாதத்தின் சாயலைக் கொண்டது. பகைவன் ஊரில் கண்ட அழகைத் தன் ஊரில் கட்டிக்கொண்டாள். சிவகாமியின் சபதம் நிறைவேறியதோடு கல்கி நிறுத்தினார். கதைக்கு அதுவே முடிவு. சரித்திரத்திற்கு அடுத்த பாகம் உண்டு. காஞ்சித் தெருவிற் கதவிடுக்கின் வழியே பகைப் படையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பத்து வயதுப் பெண்ணின் கண்களால் அதை யாரேனும் எழுதலாகாதா?

எழுதுவதற்கு முன்மாதிரி வேண்டுவோர் தொலைவு செல்ல வேண்டா. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் நம் ஊர்க்காரர், கவிபுரத்தில் வாழ்ந்தார். 1891-இல் கோலார் மாவட்டத்து மாலூர்ப் பக்கத்தில், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்தவர். அதாவது அந்நாளைய நிகரிலி சோழ மண்டலத்தில்! எழுதியதோ கன்னடத்தில். ஆங்கிலேயர் 1834-இல் பதவி நீக்கிய கொடகு மன்னனைப் பற்றிய அவருடைய ‘சிக்கவீர ராஜேந்திர’ என்னும் நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்நியர் நாட்டைப் பறித்ததைச் சொல்லும் அவர், பறிகொடுத்த மன்னனின் கொடுமைகளையும் ஒளிக்கவில்லை. நம் மன்னன், ஆதலின் நல்லவன் என்று அவர் தொடங்கவில்லை. அடுப்படியில் தமிழும் எழுதுமேசையில் கன்னடமுமாய் வாழ்ந்த மனிதரிடமிருந்து அத்தகைய நூல் பிறந்தது எனக்கு வியப்பாய் இல்லை.

ஆதகூர்க் கல்லின் செய்தியை அறிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பையனை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அடுத்த வீட்டுக் கன்னடப் பிள்ளையும் உடன் வந்தான். கல்லின் எழுத்து அவனுக்கும் படிக்க வரவில்லை. பழங்கன்னடம் அவனுக்கும் அயல்மொழியே. இதில் நம் பையனுக்கு ஒரு மகிழ்ச்சி. பிறகு இருவரும் நாயையும் பன்றியையும் கண்டனர். நான் தக்கோலத்தைச் சொன்னேன், இராசாதித்தனைச் சொன்னேன், பூதுகனைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். “நாய் எந்தப் பக்கம்?” என்று ஒருவன் கேட்டான். போருக்குப் பின்புதானே அது மணலேரனிடம் வந்தது என்றேன். “அப்படியானால் அது யாரையும் கொல்லவில்லை” என்றான் மற்றவன். இருவருக்கும் அது திருப்தியாயிருந்தது.

அடுத்த மாதம் பாட்டியார் என்னைக் கூப்பிட்டு ஒரு பள்ளி நோட்டைக் காட்டினார். பையன் கதை எழுதுகிறானாம். மணலேரனின் வீட்டில் காளியைக் கவனிக்கும் ஒரு சிறுவன். அவன் தக்கோலத்தில் சிறைபிடிக்கப்பட்ட சோழநாட்டுப் பையன். நாயிடம் மட்டும் இரகசியமாகத் தமிழ் பேசுவான். மொழி தமிழ்; ஆனால் எழுத்தெல்லாம் கன்னட எழுத்து. பாட்டியாருக்கு அது படிக்க வராது. ஆகவே இப்பொழுது பகலுணவுக்குப் பின் பேரன் படித்துக் காட்ட, பாட்டியார் கேட்கிறார். ஆறு பக்கத்திற்குமேல் கதை நகரவில்லை. காளி பன்றியிடம் சாக வேண்டும் என்பது கல்லிலேயே இருக்கிறது, அதை மாற்றக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவ்விடத்திற்குப் போக மனமின்றி, நாய்க்குச் சோறு வைப்பதையே அவன் மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருந்தான்.